பழைய கார்புரேட்டர் பைக்கைக் காலையில் கிளப்புவது: சோக் உண்மையில் என்ன செய்கிறது?

மார்கழி விடியலிலும் வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் மதுரையில், ‘குளிர்ந்த இன்ஜின்’ என்று பேசுவது சிலருக்கு மிகையாகத் தோன்றலாம். இன்ஜினின் கணக்கு வேறு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பைக்கின் சிலிண்டர் ஹெட் 100 டிகிரியைத் தாண்டிய சூட்டில் இருக்கும். இரவு முழுவதும் வாசலில் நின்ற பிறகு அது சுற்றியுள்ள காற்றின் சூட்டுக்கு இறங்கிவிடும். அந்த இடைவெளியை வைத்துப் பார்த்தால் சித்திரை மாதத்து அதிகாலைகூட இன்ஜினுக்குக் குளிர்தான். அதனால்தான் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை மூட்டையோடு கிளம்புகிறவரும், அலங்காநல்லூர்ப் பக்கம் பால் ஊற்றப் போகிறவரும், விடிவதற்கு முன்பே கிக்கரோடு மல்லுக்கட்ட நேர்கிறது. பகலில் ஒரே மிதியில் கிளம்பும் வண்டி காலையில் மட்டும் ஏன் பத்து மிதி கேட்கிறது என்பதையும், அதைக் குறைக்க என்ன வரிசையில் என்ன செய்ய வேண்டும் என்பதையும் இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

இந்தச் சிக்கல் புதிய வண்டிகளுக்குப் பெரும்பாலும் இல்லை. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்ததும் பைக்குகள் பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. அவற்றில் இன்ஜினின் சூட்டை ஒரு சென்சார் அளக்கிறது, எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்பதைச் சிறு கணினி முடிவு செய்கிறது. அதற்கு முந்தைய வண்டிகளில் அந்த முடிவை எடுப்பவர் ஓட்டுகிறவரே. 1980-இல் வந்த டிவிஎஸ் 50, 1985-இல் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100, அதே ஆண்டில் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100, 1994-இல் வந்த ஸ்பிளெண்டர், திருவொற்றியூரில் செய்த பழைய புல்லட், மைசூரில் செய்த யெஸ்டி ஆகிய எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை. மதுரைத் தெருக்களில் இவற்றுள் பலவும் இன்னும் ஓடுகின்றன; ஸ்பிளெண்டரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எரிவது பெட்ரோலின் ஆவி

எல்லாவற்றுக்கும் அடிப்படையான செய்தி ஒன்று உண்டு. திரவமாக இருக்கும் பெட்ரோல் எரிவதில்லை; காற்றோடு கலந்த அதன் ஆவிதான் எரிகிறது. முழுமையாக எரிவதற்கு எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும் என்பது பாடப்புத்தகம் சொல்லும் விகிதம். கார்புரேட்டர் என்பது இந்த விகிதத்துக்கு அருகில் கலவையைத் தயாரித்துத் தரும் ஒரு குழாய்; அவ்வளவுதான். குழாயின் நடுப்பகுதி குறுகியிருப்பதால் அங்கே காற்று வேகமெடுக்கிறது, வேகமெடுக்கும் இடத்தில் அழுத்தம் குறைகிறது, அழுத்தம் குறைந்த இடத்துக்குக் கீழேயுள்ள சிறு கிண்ணத்திலிருந்து பெட்ரோல் ஜெட் என்ற நுண்துளை வழியாக ஏறிவந்து காற்றில் தூறலாகக் கலக்கிறது. கிண்ணத்தில் பெட்ரோலின் மட்டத்தை ஒரே அளவில் வைத்திருப்பது அதில் மிதக்கும் ஃப்ளோட்.

காலையில் இந்த ஏற்பாடு இரண்டு இடங்களில் இடறுகிறது. முதலாவது, உறிஞ்சும் பலம் போதாது. ஐட்லிங்கில் இன்ஜின் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும். கிக்கரை மிதிக்கும்போது கிடைப்பதோ சில நூறு சுற்றுகளின் வேகம், அதுவும் ஓரிரு நொடிக்கு மட்டும். அந்த மெல்லிய இழுப்புக்கு ஜெட்டிலிருந்து பெட்ரோல் சரியாக ஏறுவதில்லை. இரண்டாவது, ஏறிய பெட்ரோலும் ஆவியாவதில்லை. பெட்ரோல் என்பது ஒரே பொருள் அன்று. சுமார் 35 டிகிரியில் கொதிக்கத் தொடங்கும் இலேசான பகுதிகளிலிருந்து 200 டிகிரி வரை கேட்கும் கனமான பகுதிகள் வரை பல கலந்த ஒரு கூட்டு. சூடான இன்ஜினில் ஏறக்குறைய எல்லாமே ஆவியாகிவிடும். குளிர்ந்த இன்ஜினில் இலேசான பகுதி மட்டும் ஆவியாகி, மீதி இன்லெட் குழாயின் சுவரிலும் சிலிண்டரின் உட்புறத்திலும் ஈரமாகப் படிந்துவிடுகிறது. ஆகவே சரியான விகிதத்தில் பெட்ரோலை அனுப்பினாலும் பிளக்கின் முனையைச் சென்று சேரும் ஆவி, தீப்பிடிக்கப் போதாத அளவுக்கு மெலிந்துபோகிறது.

பழைய பம்ப் ஸ்டவ்வைப் பற்ற வைத்துப் பழகியவர்களுக்கு இது புதிதன்று. பர்னரின் கீழேயுள்ள கிண்ணத்தில் சிறிது எண்ணெயை எரித்து, பர்னரைச் சூடாக்கிய பிறகுதான் பம்ப் அடிப்பார்கள். அவசரப்பட்டு முன்பே அடித்தால் மண்ணெண்ணெய் ஆவியாகாமல் திரவமாகவே பீய்ச்சும். பைக்கில் முன்கூட்டிச் சூடாக்க வழியில்லை. எனவே வேறொரு தந்திரம் செய்கிறோம்: அனுப்பும் பெட்ரோலில் ஒரு சிறு பகுதிதான் ஆவியாகும் என்றால், அந்தச் சிறு பகுதியே போதுமானதாக இருக்கும்படி, வழக்கத்தைவிடப் பல மடங்கு பெட்ரோலை அனுப்பிவிடுவது. இதைச் செய்யும் கருவிதான் சோக். காலையில் வண்டியைக் கிளப்பும் முறைகள் எல்லாமே, எந்த வண்டியாக இருந்தாலும், இந்தக் கூடுதல் பெட்ரோலை எப்போது கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்ற கேள்விக்கான விடைகளே.

சோக்கில் மூன்று வகை

எல்லாச் சோக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை என்பது பலருக்குத் தெரியாது. ஒரு வண்டியில் பலித்த பழக்கம் இன்னொரு வண்டியில் பலிக்காமல் போவதற்கு முதற்காரணம் இதுவே.

சிடி 100, ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகளில் இருப்பது தகடு வகை. கார்புரேட்டரின் காற்று வாயை ஒரு வட்டத் தகடு அடைக்கிறது. காற்று வரத்துக் குறைவதால் இன்ஜினின் இழுப்பு முழுவதும் ஜெட்டின் மேல் விழுகிறது, பெட்ரோல் தாராளமாக ஏறுகிறது. இந்த வகையில் ஆக்ஸிலேட்டரை முற்றிலும் மூடியிருந்தால் இழுப்பு ஜெட் வரை நன்றாக எட்டாது. ஆகவே மிதிக்கும்போது கைப்பிடியை எட்டில் ஒரு பங்கு அளவுக்கு, அதாவது விரலசைவு அளவுக்கு, முறுக்கி வைத்திருப்பது உதவும்.

ஆர்எக்ஸ் 100-இலும் பழைய புல்லட்டிலும் உள்ள மிக்குனி வகைக் கார்புரேட்டரில் தகடே கிடையாது. சோக் நெம்பைத் தூக்கினால் ஒரு சிறு பிஸ்டன் மேலேறி, ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போது ஏறி இறங்கும் அடைப்பான ஸ்லைடுக்குப் பின்புறத்தில் இன்ஜினை நோக்கித் திறக்கும் ஒரு தனி வழியைத் திறந்துவிடுகிறது; அந்த வழியாகக் கூடுதல் பெட்ரோல் சிறிது காற்றோடு கலந்து நேரே இன்ஜினுக்குப் போகிறது. இந்த வழியில் பெட்ரோலை இழுப்பது, ஸ்லைடு மூடியிருக்கும்போது அதன் பின்னால் உருவாகும் வெற்றிடம். ஆக்ஸிலேட்டரை முறுக்கிய உடனே ஸ்லைடு ஏறி, அந்த வெற்றிடம் சரிந்து, சோக் வேலை செய்வதை நிறுத்திவிடும். சோக்கையும் போட்டு ஆக்ஸிலேட்டரையும் முறுக்கிக்கொண்டே மிதிப்பவர், ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறித்துக்கொள்கிறார். ஆர்எக்ஸ் 100 காலையில் அடம்பிடிக்கிறது என்று குறை சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, மிதிக்கும்போது வலது கை என்ன செய்கிறது என்பதைத்தான்.

மூன்றாவது, பழைய ஜாவா, யெஸ்டி வண்டிகளில் இருந்த டிக்லர். கார்புரேட்டரின் மேல் இருக்கும் சிறு பொத்தானை அழுத்தினால் அது ஃப்ளோட்டைக் கீழே தள்ளும்; மட்டம் குறைந்துவிட்டது என்று எண்ணி, பெட்ரோல் வரும் வழியை அடைத்திருக்கும் ஊசி திறந்துகொள்ள, டேங்கிலிருந்து பெட்ரோல் வந்து கிண்ணம் வழக்கமான அளவைத் தாண்டி நிறையும். எவ்வளவு நேரம் அழுத்துவது என்பது அனுபவத்தில் வருவது. விரல் நனைந்தால் போதும் என்பது பழைய கணக்கு. அதற்கு மேல் அழுத்தினால் பெட்ரோல் இன்ஜின் மேலே வழிந்துவிடும்.

நம் ஊரில் ஸ்கூட்டரை ஒரு பக்கமாகச் சாய்த்து, சில நொடி வைத்திருந்து, நிமிர்த்தி உதைப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூடநம்பிக்கை என்று சிரிப்பவர்கள் உண்டு, அது தவறு. சாய்க்கும்போது கிண்ணத்தில் பெட்ரோலின் மட்டமும் ஃப்ளோட்டின் நிலையும் மாறிப்போய், கொஞ்சம் பெட்ரோல் கூடுதலாக உள்ளே புகுந்துவிடுகிறது. அதாவது சாய்ப்பதும் ஒரு வகை டிக்லர்தான், அளவு மட்டும் கையில் இல்லை. சோக் ஒழுங்காக வேலை செய்யும் வண்டியைச் சாய்க்க வேண்டிய தேவையே வராது. சாய்த்தால்தான் கிளம்பும் என்றால் சோக்கின் கேபிளையோ, ஐட்லிங்குக்குப் பெட்ரோல் தரும் ஸ்லோ ஜெட்டையோ பார்க்க வேண்டிய நாள் வந்துவிட்டது என்று பொருள்.

ஆனால் மிதிப்பதற்கு முன்னால் ஆக்ஸிலேட்டரை நாலைந்து முறை முறுக்கிவிட்டு, ‘பெட்ரோல் இறங்கட்டும்’ என்று காத்திருப்பதற்கு இந்த நியாயம்கூட இல்லை. இன்ஜின் நின்றிருக்கும்போது கைப்பிடியை முறுக்கினால் ஸ்லைடு ஏறி இறங்கும், ஒரு சொட்டுப் பெட்ரோலும் அசையாது. பழைய கார்களின் கார்புரேட்டரில் ஆக்ஸிலேட்டர் பம்ப் என்ற உறுப்பு இருந்தது. மிதியை அழுத்தும்தோறும் அது பெட்ரோலைப் பீய்ச்சும். அந்தப் பழக்கம் பைக்குக்கும் தொற்றிக்கொண்டது போலும். 1999-இல் வந்த ஹீரோ ஹோண்டா சிபிஇசட் போன்ற மிகச் சில பைக்குகளில்தான் முறுக்கும்போது பெட்ரோலைக் கூட்டும் ஏற்பாடு இருந்தது.

நூறு சிசி வண்டியின் காலை வரிசை

முதலில் பெட்ரோல் டேப்பைத் திறக்க வேண்டும். இரவில் டேப்பை மூடும் பழக்கம் உள்ளவர்கள் திறந்தவுடன் மிதிக்கக் கூடாது. கிண்ணம் நிறைய அரை நிமிடமாவது ஆகும். பங்குனி, சித்திரை வெயிலில் ஒரு வாரம் நின்ற வண்டி என்றால் கிண்ணத்திலிருந்த பெட்ரோல் ஏறக்குறைய ஆவியாகியே போயிருக்கும், இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். டேப்பை மூடுவது தேவையா என்று கேட்பவர்களுக்கு, பழைய வண்டியானால் கட்டாயம் தேவை என்பேன். ஃப்ளோட்டின் ஊசி தேய்ந்திருந்தால் இரவெல்லாம் பெட்ரோல் கசிந்து, நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் இன்ஜின் ஆயிலோடும் இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் கிராங்க் அறையிலும் போய்த் தேங்கிவிடும்.

அடுத்து, சாவியைப் போடாமல் சோக்கை முழுவதும் போட்டு, கிக்கரை மெதுவாக இரண்டு மூன்று முறை முழுமையாக அழுத்த வேண்டும். இது பெட்ரோல் கலந்த காற்றைச் சிலிண்டருக்குள் கொண்டுவந்து வைக்கிறது; ஆயிலையும் சற்று நகர்த்துகிறது. அதன் பிறகு சாவியைத் திருப்பி, ஆக்ஸிலேட்டரை வண்டியின் சோக் வகைக்கேற்ப மூடியோ சற்றே திறந்தோ வைத்து, உறுதியாக ஒரு மிதி. மிதியின் பலத்தைவிட அது முழு வீச்சாக இருப்பதுதான் முக்கியம். பாதியில் காலை எடுக்கும் வேகமான மிதி, கீழ்வரை செல்லும் நிதானமான மிதிக்கு ஈடாகாது. நல்ல நிலையிலுள்ள வண்டி இரண்டு மூன்று மிதிக்குள் பிடித்துக்கொள்ளும்.

பிடித்ததும் சோக்கை உடனே எடுத்துவிடக் கூடாது, மறந்தும்விடக் கூடாது. மதுரையின் தட்பவெப்பத்தில் சாதாரண நாட்களில் அரை நிமிடம், மார்கழி, தை மாதங்களில் ஒரு நிமிடம் என்ற அளவில் பாதியாகக் குறைத்து, பிறகு முழுவதும் எடுத்துவிடலாம். தகடு வகையில் பாதி நிலை பயன்படும். மிக்குனியின் பிஸ்டன் வகையில் பாதி என்பதற்குப் பெரிதாகப் பொருளில்லை, போட்டிருக்க வேண்டும் அல்லது எடுத்திருக்க வேண்டும். எப்போது எடுப்பது என்பதற்குக் கடிகாரத்தைவிடக் காது நல்ல வழிகாட்டி. சோக்கோடு ஓடும் இன்ஜின் முதலில் வேகமாகவும் சீராகவும் சுற்றும். சூடேறச் சூடேற அதே பெட்ரோல் மிகையாகி, சத்தம் கனத்து, தட்டுத்தடுமாறத் தொடங்கும். அந்தத் தடுமாற்றம் ‘போதும்’ என்ற அறிகுறி.

சோக்கை எடுக்காமல் ஓட்டினால் வண்டி ஓடத்தான் செய்யும், கேடு உள்ளே நடக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டரின் சுவரிலுள்ள ஆயில் படலத்தைக் கழுவிவிடுகிறது, பிஸ்டன் ரிங்குகள் காய்ந்த சுவரில் உராய்கின்றன, பிளக்கில் கரி படிகிறது. மைலேஜ் திடீரென்று விழுந்துவிட்டது என்று வருகிற வண்டிகளில், சோக்கின் கேபிள் சிக்கிக்கொண்டு சோக் பாதி போட்டபடியே இருப்பது அடிக்கடி காணும் கோளாறு.

புல்லட் தனி ரகம்

பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டை இதே வரிசையில் கிளப்பப் போனால் கால் நோகும். 350 சிசி ஒற்றை சிலிண்டர் என்பதால், கலவையை அழுத்திச் சுருக்கும் அழுத்தச் சுற்றில் பிஸ்டனைக் காலால் தள்ளிக் கடப்பது கடினம். ஆகவே மிதி எங்கிருந்து தொடங்குகிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அதற்காக இந்த வண்டியில் இரண்டு உதவிகள் இருக்கின்றன. ஒன்று இடது கைப்பக்கத்திலுள்ள டிகம்ப்ரஷன் நெம்பு. அதைப் பிடித்தால் சிலிண்டரின் அழுத்தம் வெளியேறி, கிக்கர் எளிதாக இறங்கும். மற்றொன்று ஹெட்லைட் கூட்டின் மேலுள்ள ஆம்பியர் மீட்டர். சார்ஜ் ஏறுவதைக் காட்ட வைத்த மீட்டர்தான். ஆனால் மின்பொறியை உண்டாக்கத் திறந்து மூடும் தொடுப்பான பாயிண்ட் வைத்த பழைய வண்டியில் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பதையும் அது சொல்லிவிடும்.

முதலில் கிளட்சைப் பிடித்தபடி ஓரிரு முறை மிதித்து, இரவில் ஒட்டிக்கொண்ட கிளட்ச் தட்டுகளைப் பிரித்துவிட வேண்டும். டேப்பைத் திறந்து, சோக்கைப் போட்டு, டிகம்ப்ரஷன் நெம்பைப் பிடித்துக்கொண்டு, சாவி இல்லாமல் இரண்டு மூன்று முறை இன்ஜினைச் சுற்ற வேண்டும். பிறகு விளக்குகளை அணைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினால், பாயிண்ட் மூடியிருக்கும்வரை முள் மைனஸ் பக்கம் சாய்ந்து நிற்கும். நெம்பை விட்டுவிட்டு, கிக்கரைக் காலால் மெல்ல, மிகமெல்ல அழுத்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் கால் கனமாகத் தடுக்கும். அதே இடத்தையொட்டி முள் நடுவுக்குத் தாவும். பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் அழுத்தச் சுற்றின் உச்சிக்கு அருகில் வந்துவிட்டது என்று பொருள். இந்த இடத்தில் டிகம்ப்ரஷனைப் பிடித்து, கிக்கரை இன்னும் ஒரு விரற்கடை மட்டும் அழுத்திப் பிஸ்டனை உச்சிக்கு அப்பால் கடத்திவிட வேண்டும். நெம்பை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், உடலின் எடை முழுவதையும் இறக்கி ஒரே மிதி.

இப்படிச் செய்வதன் காரணம் எளிது. உச்சியைக் கடந்து நிற்கும் பிஸ்டன் அடுத்த அழுத்தச் சுற்றை எட்டுவதற்கு முன் ஏறக்குறைய ஒன்றரைச் சுற்று தடையின்றிச் சுழல இடம் கிடைக்கிறது. அதற்குள் கனமான ஃப்ளைவீல் வேகம் பிடித்து, அந்த அழுத்தத்தைத் தானே தாண்டிவிடும். கால் செய்ய வேண்டிய வேலையை ஃப்ளைவீல் செய்துவிடுகிறது. மாறாக, உச்சிக்குச் சற்று முன்னால் நிற்கும்போது அரைமனதோடு மிதித்தால், பொறி முன்கூட்டியே விழுந்து பிஸ்டனைப் பின்னோக்கித் தள்ளும். கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் வீங்கி ஒரு வாரம் நொண்டியவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். செருப்புக் காலோடு பழைய புல்லட்டை மிதிப்பதை அதனாலேயே நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டிய வண்டிகளில் முள்ளின் இந்தக் குறிப்பை நம்ப முடியாது. அங்கே காலுக்குத் தெரியும் தடுப்பு ஒன்றே அடையாளம்.

ஓவர்ஃப்ளோ ஆகிவிட்டால்

ஏழெட்டு மிதிக்குப் பிறகும் பிடிக்கவில்லை, மூக்கில் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்றால் நிலைமை தலைகீழாகிவிட்டது. குறைவாக இருந்த பெட்ரோல் இப்போது மிகையாகி, பிளக்கின் முனை நனைந்து, மின்பொறி தாவுவதற்குப் பதிலாக ஈரத்தின் வழியாகக் கசிந்துவிடுகிறது. இனி சோக்கோடு மிதிக்கும் ஒவ்வொரு மிதியும் நிலைமையை மோசமாக்கும். சோக்கை எடுத்துவிட்டு, டேப்பை மூடி, ஆக்ஸிலேட்டரை முழுவதும் திறந்து பிடித்துக்கொண்டு ஆறேழு முறை மிதித்தால், உள்ளே புகும் வெறுங்காற்று மிகைப் பெட்ரோலை வெளியே தள்ளும். பெரும்பாலும் இதிலேயே இரும ஆரம்பித்துப் பிடித்துக்கொள்ளும். இல்லையென்றால், தெருமுனை மெக்கானிக் சொல்வதுதான்: ‘பிளக் நனைஞ்சிருச்சுண்ணே, கழட்டித் தொடைங்க.’ கழற்றிய பிளக்கைத் துடைத்துக் காயவைத்து, கரியைச் சுரண்டி, பெரும்பாலான நூறு சிசி வண்டிகளில் 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டிய இடைவெளியையும் பார்த்துவிட்டு மாட்டலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். மார்கழி விடியலில் வாசலில் கோலமும் அதன் ஓரத்தில் அகல்விளக்கும் இருப்பது நம் வழக்கம். வண்டி நிற்பதும் அதே வாசலில்தான். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து பரவும். ஓவர்ஃப்ளோ ஆன வண்டியைத் தெருவுக்கு உருட்டிக்கொண்டு போன பிறகே மற்ற வேலைகளைத் தொடங்க வேண்டும். பொறி வருகிறதா என்று பார்க்கப் பிளக்கைக் கழற்றி ஹெட்டின் மேல் வைத்து மிதிப்பவர்கள், பிளக் துளையிலிருந்து பீய்ச்சும் ஆவி அதன்மேல் படாத தூரத்தில் வைக்க வேண்டும். திருட்டுக்கு அஞ்சி வீட்டின் நடையிலோ ஹாலிலோ வண்டியை ஏற்றி வைப்பவர்கள் அங்கேயே கிளப்பிச் சூடேற்றுவதும் ஆபத்து. சோக் போட்ட இன்ஜினின் புகையில் கார்பன் மோனாக்ஸைடு வழக்கத்தைவிட மிக அதிகம்.

டேங்கின் மூடியைத் திறந்து வாயால் ஊதிக் கிளப்புவது இன்னொரு பழக்கம். ஊதினால் வண்டி பிடிக்கிறது என்றால், டேங்கின் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்கும் இடத்தை நிரப்பக் காற்று புக முடியாததால் ஓட்டம் நின்றுபோயிருக்கிறது. மூடியைச் சுத்தம் செய்தால் தீர்ந்தது.

சூடான இன்ஜினுக்குச் சோக் வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். ஆனால் நடுப்பகலில் கீழவாசலில் நிறுத்திவிட்டுப் பத்து நிமிடத்தில் திரும்பி வந்து, கிளம்பாத வண்டிக்குச் சோக்கை இழுப்பவர்களைப் பார்க்கிறேன். அப்போது கலவை ஏற்கெனவே மிகையாக இருக்கும் வாய்ப்பே அதிகம். ஆக்ஸிலேட்டரைச் சற்றுத் திறந்து மிதிப்பதுதான் அங்கே சரி.

கிளம்பிய பிறகு, நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் உறுமவிடுவதால் பயன் குறைவு. ஆயில் மேலே ஏற அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் போதும். அதன் பிறகு முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டரை முறுக்காமல் ஓட்டுவதே இன்ஜினைச் சீராகச் சூடேற்றும். ஆர்எக்ஸ் 100 போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு இது இன்னும் பொருந்தும். அலுமினியப் பிஸ்டன் விரைவாகச் சூடேறி விரியும், வெளியே உள்ள சிலிண்டர் அதே வேகத்தில் விரியாது. குளிர்ந்த வண்டியைக் கிளப்பியதும் முழு வேகத்தில் இழுத்தால் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும்.

கொடைக்கானலில் கணக்கு மாறுகிறது

மதுரையிலிருந்து வண்டியிலேயே கொடைக்கானல் போகிறவர்கள் மறுநாள் காலை திகைத்து நிற்பதுண்டு. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், குளிர்கால இரவுகளில் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும் ஊர் அது. இவ்வளவு குளிருக்குச் சோக்கை அதிக நேரம் போட வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. கார்புரேட்டர் காற்றின் எடையைப் பார்ப்பதில்லை, ஓட்டத்தை மட்டுமே அறியும். ஆகவே சமவெளிக்கு ட்யூன் செய்த ஜெட் அங்கே மெலிந்த காற்றோடு தேவைக்கு மேல் பெட்ரோலைக் கலக்கிறது. குளிர் கூடுதல் பெட்ரோலைக் கேட்கிறது, உயரம் அதை ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதனால் அங்கே முதல் பிடிப்புக்குச் சோக் வேண்டும், பிடித்த பிறகு சமவெளியைவிட முன்னதாகவே எடுத்துவிட வேண்டியிருக்கும். எடுத்தபின் ஐட்லிங் நிற்கவில்லையென்றால் சோக்கை மறுபடி போடாமல், கைப்பிடியைச் சற்றே முறுக்கிப் பிடித்துக்கொள்ளலாம். ஒருநாள் பயணத்துக்காக, ஐட்லிங் கலவையைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவைத் திருகப் போனால், இறங்கி வத்தலக்குண்டுக்கு வருவதற்குள் அதைத் திரும்பப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். எத்தனை திருகு திருகினோம் என்று குறித்து வைக்காதவர்கள் அதைத் தொடாமலிருப்பது நல்லது.

பெட்ரோலே மாறியிருக்கிறது

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஆவியாவதற்குப் பெட்ரோலைவிட மிகுந்த வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். தன்னளவில் ஆக்ஸிஜனைக் கொண்டிருப்பதால் கலவையையும் சற்று மெலிய வைக்கும். இரண்டுமே காலை ஸ்டார்ட்டிங்குக்கு எதிரானவை. முன்பு கோடையில் சோக்கே இல்லாமல் கிளம்பிய பழைய வண்டி இப்போது கேட்கிறது என்றால் அதில் வியப்பில்லை. எத்தனால் ஈரத்தை ஈர்ப்பதும், பழைய ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் காலப்போக்கில் உப்பவைப்பதும் அதோடு சேர்ந்த தொல்லைகள். எத்தனாலுக்கு ஏற்ற குழாயாகக் கேட்டு வாங்கி மாற்றிவிடலாம்.

மாதக்கணக்கில் நின்ற வண்டிக்கு மேலே சொன்ன வரிசை எதுவும் உதவாது. பெட்ரோலில் முதலில் ஆவியாகிப் போவது இலேசான பகுதி. காலையில் தீப்பிடிப்பதற்கு நாம் நம்பியிருப்பதும் அதே பகுதிதான். எஞ்சிய கனமான பெட்ரோல் கிண்ணத்தில் பிசுபிசுத்துக் காய்ந்து, கார்புரேட்டரிலேயே மிக நுண்ணிய துளையான ஸ்லோ ஜெட்டை அடைத்துவிடும். அப்படிப்பட்ட வண்டியை மிதித்துக் களைப்பதைவிட, கிண்ணத்தின் அடியிலுள்ள ட்ரெயின் ஸ்க்ரூவைத் திறந்து பழையதை வடித்துவிட்டுப் புதுப் பெட்ரோலை விட்டுப் பார்ப்பது மேல். சோக் போட்டால் மட்டும் ஓடுகிறது, எடுத்தவுடன் நின்றுவிடுகிறது என்றால் ஸ்லோ ஜெட் அடைத்திருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம். சோக் தந்த கூடுதல் பெட்ரோல் ஜெட்டின் குறையை அதுவரை மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஜெட்டைக் கழற்றி, கார்புரேட்டர் கிளீனர் தெளித்து, காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். கம்பியை விட்டுக் குத்தினால் பித்தளைத் துளை அகன்றுவிடும். அதன் பிறகு ஏர் ஸ்க்ரூவை எப்படித் திருப்பினாலும் ஐட்லிங் சரியாக நிற்காது, புது ஜெட்தான் மாட்ட வேண்டும்.